பால் பொங்காத வீடு

டிசம்பர் 3, ஞாயிறு

புது வீட்டுக் குடிபூரல் முடிந்து வருகிற முதல் ஞாயிறு. விடிந்ததிலிருந்து மழை. உருத்திரபுரத்தில் வயலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடக்கின்றன. எங்கள் வீட்டுச் சுவர் மட்டும் வெள்ளை. சும்மா வெள்ளை இல்லை, கண் கூசுகிற வெள்ளை. குசினிச் சுவரில் டைல்ஸ், அதுவும் வெள்ளை. கனடாவில் இருக்கிற கிருசாந்தி மச்சாள் (இவருடைய அக்கா) வாங்கித் தந்தது. "வெள்ளைதான் போடவேணும், அப்பத்தான் வீடு பெரிசாத் தெரியும்" என்று வீடியோ கோலில் நின்று பிடிவாதம் பிடித்தா.

பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் குளிர். காலையில் நிலத்தில் கால் வைத்தால் குளத்துக்குள் இறங்குவது போல இருக்கிறது. மச்சாள் அனுப்பிய சொக்ஸைப் போட்டுக்கொண்டு சமைக்கிறேன். இந்த ஊரில் சொக்ஸ் போட்டுக்கொண்டு புட்டு அவிக்கிற ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

மாமா (இவருடைய அப்பா) இன்னும் கொட்டிலில்தான். சண்டைக்குப் பிறகு மீளக்குடியேறி வந்த காலத்தில் தகரமும் கிடுகும் போட்டுக் கட்டியது. புது வீட்டுக்குப் பின்னால், மாமரத்தடியில். மாமியும் போன பிறகு அவருக்குப் படுக்கை அங்கே, அடுப்பு அங்கே, ரேடியோ அங்கே. "நாளைக்கு வாறன் பிள்ளை" என்று குடிபூரல் அன்று சொன்னார். அதற்குப் பிறகு அந்த நாளை வரவே இல்லை.

இன்றைக்கு மத்தியானம் மட்டும் சோற்றுக்கு வந்தார். நிலத்தில் இருந்து, காலை நீட்டி, பின்னால் சாயப் போனார். நல்லவேளை கண்டுவிட்டேன். "சுவரில சாயாதைங்கோ மாமா, தலையில நல்லெண்ணெய்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவரும் "ஓம், ஓம்" என்று நிமிர்ந்து இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். சொன்னால் கேட்கிற மனுஷன், பாவம்.

டிசம்பர் 5, செவ்வாய்

பக்கத்து வளவு விமலேஸ்வரி அக்கா முருங்கையிலை கொண்டு வந்தா. இலை ஒரு பிடி, கதை ஒரு சாக்கு.

"சாரங்கா, நான் சொல்லுறனெண்டு குறை நினையாத. ஊரில கதைக்கினம். மருமேள் டைல்ஸ் வீட்டில, மாமன் ஓட்டைக் கொட்டிலில எண்டு."

எனக்குக் காது சுட்டது. "நானே அக்கா வரவேண்டாமெண்டனான்? அவரெல்லோ வாறாரில்லை."

"அவர் என்னெண்டு வருவார்? பால் பொங்காத வீடெல்லோ."

அதுதான் சங்கதி. ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்ததை நான் இங்கேயாவது சரியாக எழுதுகிறேன்.

குடிபூரலுக்கு விறகு வைத்துத்தான் பால் காய்ச்ச வேண்டும் என்று மாமா சொன்னார். புதுச் சுவரில் புகை பிடிக்கும், காஸ் குக்கரில் காய்ச்சலாம் என்று நான் சொன்னேன். ஐயர் "நெருப்பு எல்லாம் ஒண்டுதான்" என்றுவிட்டார். அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம். புதுப் பானை, மாவிலை, தேங்காய், எல்லாம் சரி. எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். பால் நுரைத்து வருகிறது. விளிம்புக்கு வந்துவிட்டது. விமலேஸ்வரி அக்கா "பொங்குது, பொங்குது" என்கிறா — என் கை போய்க் காஸை நிற்பாட்டிவிட்டது.

நான் நிற்பாட்டவில்லை. கைதான் நிற்பாட்டியது. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து காலையும் பின்னேரமும் பாலுக்குக் காவல் நின்று பழகிய கை. அதற்குக் குடிபூரலும் தெரியாது, சுபநேரமும் தெரியாது. புதுக் குக்கர், கண்ணாடித் தட்டு, சிந்தினால் கறை பிடிக்கும் — இவ்வளவுதான் தெரியும்.

நுரை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஐயர் மட்டும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார். ஒரு தரம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். இரண்டு தரம் சொன்னார்.

டிசம்பர் 8, வெள்ளி

கிருசாந்தி மச்சாள் தன்னுடைய வீட்டுப் படங்கள் அனுப்பியிருந்தா. வெளியே பனி. உள்ளே மெழுகுதிரிகள், சோபாவில் கம்பளிப் போர்வை, கோப்பையில் ஏதோ ஆவி பறக்கிறது. "குளிர் காலத்தில வீட்டை இப்படித்தான் வைச்சிருக்கோணும்" என்று கீழே எழுத்து.

நல்ல யோசனை என்று பட்டது. மாமா கொட்டிலை விட்டு வராததற்குக் காரணம் அங்கே சூடு, இங்கே இல்லை என்பதாகவும் இருக்கலாம் அல்லவா? பின்னேரம் மழை இருட்டோடு வீட்டு மண்டபத்தில் மெழுகுதிரிகளை வரிசையாகக் கொளுத்தினேன். மின்விளக்கை அணைத்தேன். உண்மையிலேயே வடிவாக இருந்தது. சுவரெல்லாம் மஞ்சளாகி, வீடு மெத்தென்று ஆனது போல ஒரு தோற்றம்.

முதலில் விமலேஸ்வரி அக்கா குடையோடு ஓடி வந்தா. "கரண்ட் நிண்டிட்டுதே? எங்களிட்ட நிக்கேல்லையே." பிறகு இவர் வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் நேரே பியூஸ் பெட்டியைத் திறந்தார். கடைசியாக மாமா, கொட்டில் வாசலில் நின்றபடி ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "என்னடா பிரசாந்தன், ஆருக்கும் ஏதாவதோ?"

மெழுகுதிரிகளை ஊதி அணைத்துவிட்டேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

பூசணிக்காய் சூப் வைத்தேன். மச்சாளின் செய்முறை. அவித்து, மசித்து, பால்விட்டு, மிளகுத்தூள் தூவி. மாமாவுக்குக் கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொட்டிலில் கொடுத்தேன். இரண்டு கரண்டி குடித்தார். நீண்ட நேரம் யோசித்தார்.

"பரவாயில்லைப் பிள்ளை. கறிக்குத் தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்."

டிசம்பர் 11, திங்கள்

மச்சாள் கோல் எடுத்தா. பொங்கலுக்கு வருகிறாவாம். ரிக்கெற் போட்டாச்சு.

"அப்பா எந்த அறையில?"

"மேற்கு அறை, மச்சாள்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் முந்திவிட்டது. அன்றைக்குக் கை, இன்றைக்கு வாய். "எங்க, அறையை ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்" என்றா. கோல் அறுந்ததுபோல் போனை நிற்பாட்டிவிட்டு, மழைக்குள் ஓடி மாமாவின் சால்வையையும் மூக்குக்கண்ணாடியையும் கொண்டுவந்து கட்டிலில் வைத்து, மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்து இருத்தி, திரும்ப எடுத்துக் காட்டினேன். மாமா அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவர் போல விறைத்துக்கொண்டு இருந்தார். "அப்பா, வசதியா இருக்கோ?" என்று அவா கேட்க, "ஓம், ஓம், எல்லாம் வெள்ளையா இருக்கு" என்றார்.

கோல் முடிந்ததும் சால்வையை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

பொங்கலுக்குள் மாமா இந்த வீட்டுக்குள் வரவேண்டும். வராவிட்டால் மச்சாள் வந்து பார்க்கிறபோது, தான் அனுப்பிய டைல்ஸில் நான் சொக்ஸோடு நிற்பேன், அவாவின் அப்பா ஒழுகுகிற கொட்டிலில் இருமிக்கொண்டு இருப்பார். ஊர் சொல்வது உண்மையாகிவிடும். இருமல் வேறு இந்தக் கிழமை கூடியிருக்கிறது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 14, வியாழன்

இவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

புதுக் குசினியில் நான் பொரிப்பதில்லை, தாளிப்பதில்லை. எண்ணெய் தெறிக்கும். மஞ்சளும் போடுவதில்லை, டைல்ஸ் இடைவெளியில் மஞ்சள் ஏறினால் போகாது. ஆகவே இந்த வீட்டில் சமையல் மிக எளிமை: புட்டு, இடியப்பம், சொதி, கஞ்சி, அவித்த மரவள்ளி. எல்லாம் வெள்ளை. மழைக்காலத்துக்கு வயிற்றுக்கும் நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இவரும் இத்தனை நாளாக முறைப்பாடு இல்லாமல் சாப்பிட்டார். நல்ல புருஷன் என்று நானும் பெருமைப்பட்டேன்.

இன்றைக்குப் பின்னேரம் கஞ்சி குடித்துவிட்டு "அப்பருக்கு ஒருக்கா முகத்தைக் காட்டிப்போட்டு வாறன்" என்று கொட்டிலுக்குப் போனவர், திரும்பி வந்து கதைக்கிறபோது மீசையில் சுட்ட கருவாட்டு வாசம்.

"எத்தினை நாளா?"

"என்ன எத்தினை நாளா?"

"மீசை மணக்குது."

மீசையைத் துடைத்தார். "குடிபூரல் அண்டைக்குத் துவங்கினது" என்றார். "நீரும் ஒருநாளைக்கு வாருமன். அப்பர் தணலில சுட்டு, கட்டைச் சம்பலும் இடிச்சு வைப்பார். அதுக்குள்ள இருந்தா எழும்ப மனம் வராது."

வரமாட்டேன் என்றேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது.

டிசம்பர் 17, ஞாயிறு

மழை. மழை. மழை. வளவுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்.

டிசம்பர் 18, திங்கள்

இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறந்தாயிற்றாம். வயல் எது, வாய்க்கால் எது, றோட்டு எது என்று தெரியவில்லை. கொட்டில் அடுப்புக்குள் தண்ணீர் வந்துவிட்டது. இவர் போய் மாமாவைத் தூக்காத குறையாகக் கூட்டி வந்தார். வந்தார், கடைசியில் வந்தே விட்டார். வெள்ளத்துக்கு நன்றி சொல்வது பாவம், வயல்காரர் வீட்டில் இருந்துகொண்டு. ஆனால் கொஞ்சம் சொன்னேன்.

இன்றைக்குத் திருவெம்பாவை தொடக்கம். விடியவே சங்குச் சத்தம், தண்ணீருக்குள்ளால் நடந்துதான் போகிறார்கள். மிளகு, சீரகம், உள்ளி தட்டிப் போட்டு ரசம் வைத்தேன். மாமா மண்டபத்தின் நடுவில், கதிரை நுனியில், முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்து குடித்தார். கிளினிக்கில் தன்னுடைய பெயரைக் கூப்பிடும்வரை காத்திருக்கிறவர் போல.

"வசதியா இருங்கோ மாமா."

"வசதியாத்தான் இருக்கிறன் பிள்ளை."

டிசம்பர் 20, புதன்

தண்ணீர் வற்றியது. மாமாவும் வற்றிவிட்டார். காலையில் பார்த்தால் கதிரை காலி. கொட்டில் கூரைக்கு மேலால் புகை.

இரண்டு நாள் கண் முன்னால் இருந்தார், ஒரு நிமிடம் கூட இந்த வீட்டில் ஆறுதலாக இருக்கவில்லை. ஏன்? நான் என்ன செய்தனான்? பால்தான். வேறென்ன? விமலேஸ்வரி அக்காவிடம் கேட்டேன், திரும்பக் காய்ச்சலாமா என்று. "காய்ச்சலாம். ஆனா ஆரவாரமில்லாமல் காய்ச்சு. முதல் தரம் பொங்கேல்லையெண்டு சாமிக்கு நாங்களே ஞாபகப்படுத்தக் கூடாது."

டிசம்பர் 22, வெள்ளி

காய்ச்சினேன். ஊரில் ஒரு மாட்டுக்கும் பால் இல்லை. வெள்ளத்தோடு மேய்ச்சலும் போய்விட்டது. பால்மாவைக் கரைத்துக் காய்ச்சினேன். நல்ல நேரம் பார்த்து, விளக்கேற்றி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பால்மா கொதித்தது. குமிழி விட்டது. ஓரத்தில் ஆடை கட்டியது. மேலே எழும்பும் யோசனையே அதற்கு இல்லை. கொதித்துக் கொதித்து அடிப்பிடித்த பிறகு இறக்கினேன்.

இவர் அதைத் தேத்தண்ணிக்கு விட்டுக் குடித்துவிட்டு, "புகை மணக்குது, கொட்டில் தேத்தண்ணி மாதிரி இருக்கு, நல்லாயிருக்கு" என்றார். என்ன மனுஷன் இவர்.

டிசம்பர் 27, புதன்

திருவாதிரை. இதைவிட நல்ல நாள் கிடையாது. கனகராயன்குளத்திலிருந்து இவருடைய கூட்டாளி ஒருவர் போத்தலில் பசுப்பால் கொடுத்துவிட்டார். பானையில் ஊற்றினேன். பால் சூடாகி, நுரை கட்டி, எழும்பத் தொடங்கியது. என் கை பின்னால் பத்திரமாக இருந்தது. பிள்ளையாரே, இன்னும் ஒரு விரற்கடைதான் —

காஸ் முடிந்துவிட்டது.

நுரை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தக் காட்சி எனக்குப் பாடமாகிவிட்டது.

டிசம்பர் 29, வெள்ளி

மாமாவுக்கு இருமல். தூதுவளை ரசம். கொட்டில் கூரையைத் தாங்குகிற தெற்குக் கப்பு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. இவர் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். பொங்கலுக்கு முன்னம் கொட்டிலைப் பிரிக்க வேண்டும் என்கிறார். "அப்பரைக் கிளப்பாமல் எப்பிடிப் பிரிக்கிறது?" என்று என்னையே கேட்கிறார். நான் ஆரைக் கேட்க?

ஜனவரி 1, திங்கள்

பொங்கியது.

பரந்தன் சந்தியிலிருந்து இவர் புதுச் சிலிண்டர் கொண்டு வந்தார். பால் விமலேஸ்வரி அக்காவே தந்தா; அவாவின் மாட்டுக்குப் புல் கிடைக்கத் தொடங்கிவிட்டது. ஆரவாரம் வேண்டாம் என்று சொன்ன அதே அக்கா, அயலில் எல்லோருக்கும் சொல்லி அழைத்துக்கொண்டு வந்தா. மாமாவைக் கதிரை போட்டு முன்னுக்கு இருத்தினோம். நான் கையை நம்பவில்லை. இவரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். ஊர் பார்க்க என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்; கலியாணத்தன்றுகூட அப்படிப் பிடிக்கவில்லை.

நுரை ஏறியது. விளிம்பு கடந்தது. கை ஒரு தரம் துடித்தது, இவர் விடவில்லை. பால் பானையின் வெளிப்புறமாக வழிந்து, காஸை அணைத்து, கண்ணாடித் தட்டு நிறைந்து, டைல்ஸில் ஒழுகி, கரண்டிகள் போடுகிற கீழ் லாச்சிக்குள்ளும் போனது. விமலேஸ்வரி அக்கா குரவையிட்டா. "கிழக்குப் பக்கமா வழிஞ்சது. பழசுக்கும் சேத்துப் பொங்கிப்போட்டுது" என்று தீர்ப்புச் சொன்னா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. லாச்சியைப் பற்றிக்கூட யோசிக்கவில்லை.

மாமா ஒரு கோப்பை பால் குடித்தார். "நல்ல சந்தோஷம் பிள்ளை" என்று என் தலையில் கை வைத்தார். எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு எழும்பினார். குடையை எடுத்தார். கொட்டிலுக்குப் போய்விட்டார்.

போய்விட்டார்.

இனி நான் என்ன செய்யிறது? பாலைப் பொங்க வைச்சாச்சு, ஊரைக் கூட்டியாச்சு, லாச்சி முழுக்கப் பால், எறும்பு வரப்போகுது. இன்னும் என்ன வேணும் இந்த மனுஷனுக்கு? எனக்கு ஏலாது. மச்சாள் வரட்டும். வந்து பாக்கட்டும். என்னைப் பேசட்டும்.

ஜனவரி 2, செவ்வாய்

காலையில் கோபத்தோடேயே கொட்டிலுக்குப் போனேன். மாமா அடுப்படியில், கப்பில் முதுகைக் கொடுத்து, காலை நீட்டிக்கொண்டு பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சாக்கை இழுத்துப் போட்டார். இருந்தேன். சாம்பல் மணம், தணல் சூடு. காலில் சொக்ஸ் தேவைப்படவில்லை. உரித்த கிழங்கை முறித்து, நார் இழுத்து, உப்பும் மிளகும் தொட்டுத் தந்தார். கோபமாக இருக்கிறவள் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டேன்.

"மாமா, பால் பொங்கினதுதானே?"

"ஓம் பிள்ளை. நல்லாப் பொங்கினது."

"பிறகேன் வாறீங்களில்லை?"

"பாலுக்கும் எனக்கும் என்ன பிள்ளை? அது விமலேஸ்வரிக்கெல்லோ." இன்னொரு கிழங்கை எடுத்தார். உரிக்காமல் வைத்திருந்தார். "அங்க எங்க பிள்ளை சாயிறது?"

எனக்கு விளங்கவில்லை.

"வயலுக்க குனிஞ்சு நிண்டிட்டு வந்தா நாரிப் பிடிப்பு விடாது. எதிலயாவது முதுகைக் குடுக்கோணும். அங்க எல்லாம் வெள்ளையாக் கிடக்கு. நான் எண்ணெய்த் தலை. பிறகு பிள்ளைதான் துடைச்சுக்கொண்டு திரிவாய்." குறையாகச் சொல்லவில்லை. எனக்கு வேலை மிச்சம் பிடித்துத் தருகிறவர் போலச் சொன்னார். "எனக்கு இது காணும்."

அவருக்குப் பின்னால் இருந்த கப்பைப் பார்த்தேன். தலை படுகிற உயரத்தில் கறுத்து, மினுங்கிப்போய் இருந்தது. அதற்கு ஒருவரும் பெயின்ற் அடித்ததில்லை.

வீட்டுக்கு வந்து சுவர்களைப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் பார்த்தேன். எங்கும் ஒன்றும் இல்லை.

ஜனவரி 3, புதன்

இவரிடம் சொன்னேன். கொஞ்சம் அழுதுகொண்டுதான் சொன்னேன்.

"நீர் ஏன் அழுறீர்? ஒரு சாய்மனைக் கதிரை வேண்டிப் போட்டால் சரிதானே" என்றார். பின்னேரமே கொண்டுவந்துவிட்டார். மாமாவை அதில் இருத்தினோம். மேலே தூக்கி வைத்த கால், கீழே போன தலை. பல்லுப் பிடுங்க வந்தவர் போலக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகட்டைப் பார்த்தார். "நல்ல கதிரை. பிரசாந்தனுக்கு நல்லா இருக்கும்" என்றார். இப்போது அதில் இவர்தான் படுத்திருக்கிறார்.

சுவரில் துவாய் தொங்கவிடலாமா? பிளாஸ்ரிக் தாள் ஒட்டலாமா? எது செய்தாலும் "உங்கட தலைதான் ஊத்தை" என்று எழுதி ஒட்டுவது போலத்தானே இருக்கும்.

ஜனவரி 5, வெள்ளி

இன்றைக்கு வெள்ளிக்கிழமை முழுக்கு. நல்லெண்ணெயைச் சூடாக்கி மிளகு போட்டு, தலையில் நன்றாக, வழக்கத்தைவிட நன்றாகவே வைத்தேன். நெற்றியால் வழிந்தது. மாமா தேத்தண்ணிக்கு வருகிற நேரம் பார்த்து மண்டபத்தில் நிலத்தில் இருந்தேன். காலை நீட்டினேன்.

சாய்ந்தேன்.

முதலில் மனம் ஒப்பவில்லை. தலை சுவரில் பட்ட இடத்தில் "சளக்" என்று ஒரு சத்தம் கேட்டதாகவே நினைத்தேன். சுவர் குளிர்ந்தது. பிறகு மெல்ல என் முதுகுச் சூட்டுக்கு வந்தது. ஒரு மாதமாக இந்த வீட்டில் நான் எதிலும் சாயவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

இவர் முதலில் வந்தார். சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலும் இல்லையே" என்றார்.

பிறகு மாமா. வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"பிள்ளை, தலையில எண்ணெயெல்லோ."

"ஓம் மாமா."

"சுவர்…"

"ஓம் மாமா. தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன், எடுங்கோ."

தேத்தண்ணியை எடுத்தார். நின்றபடியே குடித்தார். என் தலைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்தார். கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் எழும்பித் திரும்பிப் பார்த்தேன். நல்ல பெரிய தடம். என்னையறியாமல் கை துணியை எடுத்துவிட்டது. இந்தக் கை இருக்கிறதே. துணியைப் பறித்து ஊறப் போட்டேன்.

ஜனவரி 6, சனி

சனி மாமாவுக்கு முழுக்கு. தலையில் எண்ணெயோடு வந்தார். நேரே மண்டபத்துக்குள். என் தடத்துக்குப் பக்கத்தில் இருந்து காலை நீட்டினார். என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன். குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்குகிறவர் போல, முதலில் நாரி, பிறகு தோள், கடைசியாகத் தலை. "ஆ" என்று ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. அவ்வளவுதான்.

புதுக் குசினியில் முதன்முதலாகக் கருவாடு பொரித்தேன். கடுகு, வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கத்தரிக்காய்க் குழம்பு. மஞ்சளும் போட்டேன். டைல்ஸில் தெறித்தது. வீடு முழுக்க மணந்தது. இவர் மூன்றாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "கொட்டில் மாதிரியே இருக்கு" என்றார். இந்த வாய்க்கு இதைவிடப் பெரிய பாராட்டு வராது என்று விட்டுவிட்டேன்.

மாமா சாய்ந்தபடியே நித்திரையாகிவிட்டார். நல்ல குறட்டை.

ஜனவரி 8, திங்கள்

தலையணை வந்தது.

ஜனவரி 9, செவ்வாய்

ரேடியோ வந்தது. வீட்டுக்குள் கேட்கும்போது அது எவ்வளவு சத்தம் என்று தெரிகிறது. சொல்லவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

கிருசாந்தி மச்சாள் வந்து சேர்ந்தா. மாமாவைக் கட்டிப்பிடித்து அழுதா. மேற்கு அறையைத் திறந்து, கட்டிலையும் சால்வையையும் பார்த்து, "வீடியோவில பாத்த மாதிரியே இருக்கு" என்றா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு மண்டபத்துக்கு வந்தா. வெள்ளைச் சுவரைக் கண்டா.

"என்ன இது?"

"எண்ணெய், மச்சாள்."

"அதுக்கேன் ரெண்டு?"

"கீழ இருக்கிறது என்ர. மேல இருக்கிறது மாமாட."

கைப்பையைத் திறந்து வெள்ளை நுரைப்பஞ்சு ஒன்றை எடுத்தா. எந்தக் கறையும் ஒரே தேய்ப்பில் போய்விடுமாம், அதற்கென்றே அங்கேயிருந்து கொண்டு வந்தாவாம். சுவருக்குக் கிட்டப் போனா. நான் இடையில் புகுந்து முதுகைச் சுவரில் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

"துடைக்காதைங்கோ மச்சாள்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. இவரைப் பார்த்தா. இவர் "நாங்கள் அப்பிடித்தான் வைச்சிருக்கிறம்" என்றார், ஏதோ படம் மாட்டியிருப்பது போல. மாமா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

ஜனவரி 15, திங்கள்

தைப்பொங்கல். முற்றத்தில், விறகடுப்பில். முதல் கொதியிலேயே பொங்கியது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றேன், யார் கண்டது. கொட்டிலைப் பிரிக்கவில்லை. விமலேஸ்வரி அக்கா தந்த கோழிகள் அதற்குள் குடிபோயிருக்கின்றன. பால் காய்ச்சவேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை.

ஜனவரி 19, வெள்ளி

மச்சாளுக்கு இன்னும் நேரம் பிடிபடவில்லை. பகலில் தூங்கி வழிகிறா. காலையில் மாமா எண்ணெய்ப் போத்தலோடு வந்து, "வா, வெள்ளியெல்லோ" என்று அவாவை முன்னுக்கு இருத்தி உச்சியில் வைத்துத் தேய்த்தார். "அப்பா, கண்ணுக்க போகுது" என்று சிணுங்கினா. நான் உளுத்தங்களி கிண்டிக்கொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. இவர் சாய்மனைக் கதிரையில். இவருக்கு எண்ணெய் வைக்கத் தலையில் ஒன்றும் இல்லை, இருந்தால் கதிரைக்கும் ஆபத்துத்தான்.

களியோடு வந்து பார்த்தால் மச்சாள் சொக்ஸ் போட்ட காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, வாய் திறந்தபடி நல்ல நித்திரை. மாமா விரலை உதட்டில் வைத்து "சத்தம் போடாத" என்று காட்டினார். ரேடியோவைக் குறைத்தார். அவர் அதைக் குறைப்பதை இன்றைக்குத்தான் முதல் தரம் பார்க்கிறேன்.

யன்னலுக்குப் பக்கத்தில் மூன்றாவது தடம். பெயின்ற் வாளியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். இருக்கிறது. மூடி இறுகிப்போய் இருந்தது. திறக்கவில்லை. களி ஆறிவிடும்.